டெல்ஃபி முறை: எண்கள் நெருங்கினால் போதுமா?

நிபுணர்களிடம் தனித்தனியாக, பெயர் காட்டாமல், பல சுற்றுகளாகக் கருத்துக் கேட்டு, ஒவ்வொரு சுற்றின் விடைகளையும் அடுத்த சுற்றில் அவர்களுக்கே காட்டி மறுபடி கேட்பதுதான் டெல்ஃபி முறை. 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் நடத்திய சோதனையில் 7 நிபுணர்கள், வாரத்துக்கு ஒன்றாக 5 வினாத்தாள்கள். எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும் என்பது கேள்வி. முதல் விடைகள் 50 முதல் 5,000 வரை சிதறின. முடிவில் பெரிய எண் சிறியதைப் போல ஏறக்குறைய 2 மடங்குக்குள் வந்தது. இந்த நெருக்கம்தான் டெல்ஃபியின் வெற்றி என்று நினைப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அங்கே நிபுணர்களிடம் காரணங்களும் கேட்கப்பட்டன. எந்தத் தகவல் வேண்டும் என்றும் கேட்கப்பட்டது. இன்று பலர் எண்களை மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள். காரணம் தெரியாதபோது ஆட்கள் நடுவை நோக்கி நகர்வது யோசித்து அல்ல, கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளத்தான். வரிசைப்படுத்திய விடைகளின் நடுப்பாதிக்கு வெளியே நிற்பவர்களிடம் இரண்டு மூன்று வரி விளக்கம் வாங்கி, அதை அடுத்த சுற்றில் எல்லோருக்கும் காட்டுங்கள். "என் முந்தைய ஆய்வில்..." போன்ற, ஆளைக் காட்டிக்கொடுக்கும் சொற்களை அதற்கு முன் நீக்கிவிடுங்கள். எல்லா முகவரியும் தெரியும்படி ஒரே மின்னஞ்சல் அனுப்பினாலும் கதை முடிந்தது: துறைத்தலைவர் இருப்பது தெரிந்தபின் யார் மாற்றுக்கருத்து எழுதுவார்?

சராசரியை நம்பாதீர்கள். 3, 4, 5, 5, 6, 6, 40 ஆண்டுகள் என்று விடை வந்தால் சராசரி கிட்டத்தட்ட 10. அப்படி ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடைநிலை (வரிசையில் நடுவில் நிற்கும் விடை) 5. அதோடு கால்மானங்களையும் (நடுப்பாதி விடைகளின் இரு எல்லைகள்) கொடுங்கள். அந்த 40ஐத் தூக்கி எறியவும் வேண்டாம். அவர் கேள்வியையே வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கலாம். "2035க்குள் மின்பேருந்துகள் மலிவாகி நகரங்களில் பரவுமா?" என்பது ஒரே கேள்வி அல்ல, இரண்டு. விலை ஒன்று, பரவல் இன்னொன்று. எந்த விலை, எத்தனை நகரங்கள்? வினாத்தாளை முதலில் வெளியாட்கள் நாலைந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள்.

ஒருமித்த கருத்துக்கான வரம்பை (உதாரணமாக, 9 புள்ளி அளவுகோலில் 75% பேர் 7 முதல் 9 வரை) முதல் சுற்றுக்கு முன்பே எழுதி வையுங்கள். விடைகளைப் பார்த்தபின் வைக்கும் வரம்பு, அம்பு விட்டபிறகு இலக்கு வரைவதுதான்.

அதிகம் கவனிக்கப்படாதது, இடையில் விலகுபவர்கள். மாற்றுக்கருத்து கொண்டவர்கள் சலித்து நின்றுவிட்டால், யாருமே மனம் மாறாமலே எண்கள் நெருங்கிவிடும். விலகியவர்களின் முதல் சுற்று விடைகளை மற்றவர்களுடையதோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பின்னும் விடைகள் இரு குவியலாக அசையாமல் நின்றால், நான்காவது சுற்றுக்கு நெருக்காதீர்கள். இரு தரப்பையும் அவரவர் காரணத்தோடு அறிக்கையில் எழுதுங்கள்.