மருந்து மரபணுவியல் வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மருந்தை உடலில் மாற்றும் நொதி மரபணுவால் மந்தமாக இருப்பவருக்கு என்ன செய்வீர்கள்?" என்று மருந்தாளுநர் படிப்பான பார்ம்.டி. மாணவரைக் கேட்டால், "டோஸைக் குறைப்போம்" என்று பதில் வரும். சில மருந்துகளுக்கு அது சரி. சிலவற்றில் ஆபத்து. பாடம் நடத்தும் வரிசையே இந்தப் பதிலைப் பழக்குகிறது: முதலில் மரபணு, அதன் வகைகள், சதவீதங்கள், மருந்துக்குக் கடைசி ஐந்து நிமிடம். வரிசையைத் திருப்புங்கள். விழுங்கும் வடிவமே வேலை செய்கிறதா, உடலுக்குள் மாறிய பிறகுதான் செய்கிறதா? இதற்கு விடை எழுதாத மாணவரை மரபணுப் பக்கம் விடாதீர்கள்.

பயிற்சிக்கு ஒரு மருந்துச் சீட்டு போதும்: ரத்தக்கட்டைத் தடுக்கும் குளோபிடோக்ரல் 75 மி.கி., வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் 20 மி.கி. உடலில் இரண்டும் மாறுவதில் சி.ஒய்.பி.2சி19 நொதிக்குப் பங்குண்டு. நோயாளி *2/*2, அதாவது தாய், தந்தையிடமிருந்து வந்த இரு மரபணு நகல்களும் *2 என்ற செயலற்ற வகை என்றால் அந்த நொதி வேலை செய்யாது. ஒமிப்ரசோல் சிதையாமல் தேங்கும். அமிலத்தைக் கூடுதலாகவே அடக்கும். குளோபிடோக்ரலோ செயல்படும் வடிவத்துக்குப் போதிய அளவு மாறாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது அடைபடும் அபாயம் கூடும். ஒரே மரபணு, ஒரே சீட்டு, எதிரெதிர் விளைவு. இவருக்குக் குளோபிடோக்ரலுக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் டிகாக்ரெலர் அல்லது பிரசுக்ரல் பொருந்தும். முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிரசுக்ரல் கூடாது. "பிரசுக்ரலும் உடலில் மாற வேண்டியதுதானே?" என்று யாராவது கேட்பார்கள். மாற வேண்டியதுதான், ஆனால் அது 2சி19ஐப் பெரிதாக நம்பியில்லை.

அதே சீட்டை *1/*1 நோயாளிக்குக் கொடுத்துப் பாருங்கள். அறிக்கை 'இயல்பு' என்கிறது. ஆனால் ஒமிப்ரசோலே அந்த நொதியைத் தடுக்கும். மரபணு அறிக்கையை ஜாதகம் போல வாசிக்கப் பழக்குவதுதான் அடுத்த தவறு. கூட எடுக்கும் மருந்துகளைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது. சி.ஒய்.பி.2டி6 என்ற இன்னொரு நொதியில் இதைக் கணக்காகவே போடலாம். அதன் ஒவ்வொரு மரபணு வகைக்கும் ஒரு செயல்திறன் மதிப்பெண் உண்டு: *1-க்கு 1, *10-க்கு 0.25, *4-க்கு 0. *1/*4 நோயாளியின் மதிப்பெண் 1. இந்த நொதியைக் கடுமையாகத் தடுக்கும் மனச்சோர்வு மருந்தான பராக்ஸெட்டினை அவர் எடுத்தால் அதைப் பூஜ்யத்தால் பெருக்க வேண்டும். இனி வலி மருந்தான கோடீன் இந்த நொதியால் மார்ஃபினாகப் போதிய அளவு மாறாது; டோஸை ஏற்றினாலும் வலி குறையாது.

*1 என்பதையும் தெளிவாக்குங்கள். "தேடிய மாற்றங்கள் எதுவும் இல்லை" என்பதே அதன் பொருள். ஆய்வகம் எவற்றைத் தேடியது என்று கேட்க மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மேலைநாட்டுப் பாடநூலை அப்படியே நடத்துவதிலும் ஒரு பள்ளம் உண்டு. நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோபிரின் என்றதும், அதைச் செயலிழக்கச் செய்யும் டி.பி.எம்.டி. நொதி மட்டும் பேசப்படும். இந்தியர்களிடம் அதைவிட அதிகம் காணப்படுவது அதே வேலையில் பங்குள்ள இன்னொரு நொதியான என்.யு.டி.டி.15-இன் (NUDT15) மரபணு மாற்றம். டி.பி.எம்.டி. இயல்பாக இருந்தும் வெள்ளணுக்கள் சரியும்போது மாணவர் திகைப்பது இதனால்தான்.

எச்.எல்.ஏ. (நோயெதிர்ப்பு மரபணுக்கள்) பாடத்தை நொதிப் பாடத்தோடு கலக்காதீர்கள். எச்.எல்.ஏ.-பி*15:02 வகை உள்ளவருக்கு வலிப்பு மருந்தான கார்பமாசெபின் டோஸைக் குறைத்துத் தொடங்குவது தீர்வல்ல. தோல் உரியும் எதிர்வினை நோயெதிர்ப்பு மண்டலத்திலிருந்து வருவது. புதிதாகத் தொடங்குபவருக்கு வேறு மருந்துதான்.

காசநோய் மருந்தான ஐசோனியசிட்டுக்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. சென்னை காசநோய் வேதிசிகிச்சை மையத்தின் ஆய்வுகளில், வாரம் ஒருமுறை மருந்து கொடுத்தபோது ஐசோனியசிட்டை வேகமாகச் செயலிழக்கச் செய்பவர்களுக்குப் பலன் குறைந்தது. தினமும் கொடுத்தால் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. மெதுவாகச் செயலிழக்கச் செய்பவருக்கு நரம்பு பாதிப்பு அபாயம் அதிகம், அதைத் தடுக்கப் பைரிடாக்ஸின் (வைட்டமின் பி6). மரபணுவின் வலு மருந்து கொடுக்கும் இடைவெளியைப் பொறுத்தும் மாறும் என்பதை இதைவிட நன்றாக எந்தப் படமும் காட்டாது.

கடைசியாக, செய்முறை வகுப்புக்கு மாணவரின் எச்சிலையே எடுத்துச் சோதிப்பது. ஆர்வம் வரும், உண்மை. ஆனால் முடிவு அவருடைய பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் சேர்த்தே பேசும். மதிப்பெண் போடுபவர் கேட்கும்போது மறுப்பதும் எளிதல்ல. பெயர் நீக்கிய மாதிரி அறிக்கைகளைக் கொடுத்தாலே மேலே சொன்ன எல்லாப் பயிற்சியும் நடக்கும்.