நீராவிக் கப்பல் நாவலுக்கு வாசகர் கருத்து திரட்டுவது எப்படி

தர்மபுரி நான்கு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். அவர்கள் சொல்வதை எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவது என் வேலை. போன முறை எடுத்தது ஓர் ஆங்கில நாவல். கடல், நீராவிக் கப்பல், மந்திரம் மூன்றும் கலந்தது. ஐந்நூற்றுச் சொச்சம் பக்கம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் முதல் வேலையாக அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பீர்கள்.

அந்தப் புத்தி எனக்கும் இருந்தது. முன்பு ஒரு புத்தகத்துக்கு ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் வாங்கி, கூட்டி வகுத்து, 6.5 என்று பெரிதாக அச்செடுத்து ஒட்டினேன். ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி பவரும் பாக்கறீங்களா?" என்று கேட்டார். பத்து கொடுத்தவர் எதற்குக் கொடுத்தார், மூன்று கொடுத்தவர் எங்கே கடுப்பானார், எல்லாம் அந்த 6.5-க்குள் செத்துப்போய்விட்டது. அன்றோடு மார்க் கேட்பதை விட்டேன். இப்போது கேட்பது பக்க எண்.

"நாவல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "செம" அல்லது "மொக்கை", அவ்வளவுதான் வரும். எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பெண் இருக்கிறாள். அவளும் "செமயா இருந்துச்சுண்ணா" என்றுதான் ஆரம்பித்தாள். எந்தப் பக்கத்தில் உன்னை மறந்தாய் என்று கேட்டேன். சிரித்தாள். தர்மபுரியில் பஸ் ஏறி, படித்துக்கொண்டே போய், காரிமங்கலத்தில் இறங்க வேண்டியவள் காவேரிப்பட்டினத்தில் இறங்கியிருக்கிறாள். கடல் நாவல் படித்தவள் பட்டினத்தில் இறங்கியது பொருத்தம்தான். ஆனால் இந்தக் காவேரிப்பட்டினத்தில் கடலும் இல்லை, காவிரியும் இல்லை, ஓடுவது தென்பெண்ணை. அவள் தொலைந்துபோனது 118-ஆம் பக்கம். இயந்திர அறையில் வேலை பார்க்கும் பெண், காதை ஒரு குழாயில் வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் இடம். அதை அப்படியே எழுதிக்கொண்டேன், பஸ் கதையோடு சேர்த்து.

அடுத்து, வகை என்ன என்பதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்கள் நாவல் ஸ்டீம்பங்க் வகை. அந்தப் பெயரை 1987-இல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர், அறிவியல் புனைகதைக்கான லோகஸ் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாக வைத்தார். பெட்ரோலும் மின்சாரமும் ஆட்சிக்கு வராமல் நீராவியே தொடர்ந்திருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்ற கற்பனை. பித்தளைக் குழாய், பற்சக்கரம், கரிப்புகை எல்லாம் அதன் நகைநட்டு. இதைச் சொல்லாமல் விட்டால் ஒருவர் சரித்திர நாவல் என்று நினைத்துப் படித்துவிட்டு வந்து சண்டை போடுவார். எங்களிடம் போட்டார்.

கப்பல் வார்த்தைகளுக்கு ஒரு தாள் தயார் செய்து கொடுங்கள். கடல் இல்லாத மாவட்டம் நம்முடையது. ஆங்கிலத்தில் வரும் அந்த வார்த்தைகள் முதல் அறுபது பக்கத்திலேயே ஆளை விரட்டிவிடும். நான் அரைத் தாளில் எழுதிக் கொடுத்தது: கப்பலின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம், திருப்புவது சுக்கான், நிறுத்திவைப்பது நங்கூரம். கப்பலின் வேகத்தைச் சொல்லும் நாட் என்பதை மட்டும் கொஞ்சம் விரித்தேன். அந்தக் காலத்தில் கயிற்றில் அளவு பார்த்து முடிச்சுப் போட்டு, நுனியில் கட்டையைக் கட்டிக் கடலில் விடுவார்கள். மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போகிறது என்று எண்ணுவார்கள். அந்த முடிச்சுதான் நாட். ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். நாவலில் கப்பல் பன்னிரண்டு நாட்டில் 'பறக்கிறது'. கணக்குப் போட்டால் 22 கிலோமீட்டர். "ஒகேனக்கல் மலைப்பாதையில பஸ் இதைவிட வேகமா இறங்கும்" என்று குரல் வந்தது. அதுவும் கருத்துதான், எழுதிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒவ்வொருவரிடமும் அவரவர் தொழிலிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் குழுவில் சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் உண்டு. இலக்கியம் என்றால் வாயைத் திறக்க மாட்டார். "அண்ணா, அந்த பாய்லர் ஓடுமா?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்.

341-ஆம் பக்கத்தில் கொள்ளையர் துரத்தும்போது நாயகன் சேஃப்டி வால்வைக் கம்பி போட்டுக் கட்டிவிடுகிறான். கப்பல் சீறிப் பாய்ந்து தப்பிக்கிறது. அண்ணன் அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "வால்வைக் கட்டினா கொஞ்ச நேரம் முன்னால போகும் தம்பி. அப்புறம் மேல போகும்." ஒரு லிட்டர் தண்ணீர் திறந்த வெளியில் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும், அதைப் பூட்டிவைத்திருக்கிறோம் என்ற பயம் எழுதியவருக்கு இல்லை என்பது அவர் கட்சி. அவரேதான் 207-ஆம் பக்கத்தைப் பத்து நிமிடம் புகழ்ந்தார். அங்கே கண்டென்சர் பழுதாகிறது. பாய்லருக்குக் கடல் தண்ணீரை ஊற்ற முடியாது. ஊற்றினால் உப்பு உள்ளே படிந்து தகடாகிவிடும். அதனால் இயந்திரத்தை ஓட்டிய ஆவியையே குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கி பாய்லருக்கு அனுப்புவார்கள். அந்தக் கருவி நின்றுவிட்டது. மிச்சமிருப்பது ஒரே தொட்டி நல்ல தண்ணீர். ஆட்கள் குடிப்பதா, பாய்லர் குடிப்பதா? "எழுதுனவன் பாய்லர் ரூமுக்குள்ள ஒருநாளாவது நின்னிருப்பான்" என்றார். (341-ஐ எழுதியது யார் என்று நான் கேட்கவில்லை.)

போர் தண்ணீர் காய்ச்சிக் காய்ச்சிக் குண்டானில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. 207-ஆம் பக்கம் எங்கள் ஆட்களுக்குப் புரிய எந்தக் குறிப்பும் தேவைப்படவில்லை.

ஒருவர் ஒரு பக்கத்தைத் திட்டி இன்னொன்றைப் புகழ்ந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். "கலவையான கருத்து" என்று எழுதினீர்களோ, திரும்ப 6.5-க்குப் போய்விட்டீர்கள்.

இன்னொருவன் பென்னாகரம் பக்கத்துத் தம்பி, அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். கடலை இவன் பார்த்ததே இல்லை. ஆனால் 276-ஆம் பக்கத்து நீர்ச்சுழியைப் பற்றி இவன் சொன்னதுதான் அன்றைக்கு எனக்குப் பிடித்தது. சுழிக்குள் கப்பல் இழுபடும்போது மாலுமிகள் எல்லோரும் சுக்கானைத் திருப்பச் சொல்லிக் கத்துகிறார்கள். கப்பல் தலைவி திருப்பவில்லை. முதலில் இயந்திர வேகத்தைக் கூட்டச் சொல்கிறாள். குழுவில் பாதிப் பேர் அதை வீம்பு என்றார்கள். தம்பி சொன்னான்: "தண்ணி போற வேகத்துலயே நாமளும் போனா துடுப்பு பிடிக்காதுண்ணா. தண்ணிய விட வேகமாவோ மெதுவாவோ இருந்தாத்தான் திரும்பும்." சுக்கானுக்கும் அதே கணக்குதான். நீரோடு நீராக மிதக்கிற கப்பலில் அது வெறும் பலகை; அதை உரசித் தண்ணீர் ஓடினால்தான் வேலை செய்யும். பரிசலுக்குச் சுக்கானே கிடையாது. அப்படியும் பிடித்துவிட்டான்.

"நம்புற மாதிரி இல்ல" என்று யாராவது சொன்னால் உடனே எழுதாதீர்கள். அதில் இரண்டு வகை உண்டு. உலகத்தில் நடக்காதது ஒன்று. நாவலே போட்ட விதிக்குப் பொருந்தாதது இன்னொன்று. நாவலின் கப்பலில் பாய்மரம், பக்கச் சக்கரம், பின்னால் சுழலி (ப்ரொப்பெல்லர்) மூன்றும் இருந்தன. "எல்லாத்தையும் அள்ளிப் போட்டுட்டாரு" என்று கிண்டல் செய்தார்கள். 1858-இல் லண்டனில் நீரில் இறக்கிய கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் மூன்றுமே இருந்தன. ஆறு பாய்மரம், 211 மீட்டர் நீளம். அந்தக் கிண்டலைத் தாளிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் இன்னொரு புகார் நின்றது. இந்தக் கதையில் அடுப்பில் எரிப்பது கடலடிச் சிப்பியிலிருந்து எடுக்கும் ஓர் உப்பு. அது புகையே விடாது என்று 40-ஆம் பக்கத்தில் சத்தியம் செய்கிறார்கள். 312-இல் எதிரிகள் இந்தக் கப்பலைக் கண்டுபிடிப்பதே புகையை வைத்து! மந்திரத்தை நம்பத் தயாராக இருக்கிறோம், மறதியை எப்படி நம்புவது? இந்த இரண்டாவது வகைப் புகாரை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள்.

பாதியில் விட்டவரையும் கூப்பிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா 90-ஆம் பக்கத்தோடு மூடிவிட்டார். அவர் வரவே கூச்சப்பட்டார். வந்து சொன்னதுதான் கூட்டத்தைத் திசைதிருப்பியது. "இவ்வளவு பித்தளையைப் பளபளன்னு வர்ணிக்கிறாரு. அந்தச் சிப்பியை முங்கி எடுக்கிற ஆளுங்க யாரு? தொண்ணூறு பக்கத்துல ஒருத்தருக்குக்கூடப் பேரு இல்லையே" என்றார். அப்புறம் அவர் பேச்சு பாப்பாரப்பட்டிக்குத் திரும்பியது. வ.உ.சி. 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். காலியா, லாவோ என்று இரண்டு. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அடித்தது. 1908-இல் அவரோடு கைதான சுப்பிரமணிய சிவா சிறையில் தொழுநோய் பெற்று வெளியே வந்தார். அந்த நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். 1925 ஜூலை 23 அன்று அவர் இறந்தது நம் பாப்பாரப்பட்டியில். "நீராவின்னா எனக்கு அதுதான் ஞாபகம் வருது, நான் என்ன செய்ய" என்றார் அக்கா. நாவலைப் பற்றிய கருத்தா இது என்று ஒருவர் முனகினார். ஆமாம். அதையும் 90 என்று பக்க எண் போட்டே எழுதினேன்.

முடிவைப் பற்றிச் சொல்வதைத் தனித்தாளில் எழுதி மடித்து ஸ்டேப்லர் அடித்து ஒட்டுங்கள். மேலே "படித்தவர்கள் மட்டும் பிரிக்கவும்". இதை நான் ஒருமுறை மறந்ததற்குப் பக்கத்து டீக்கடைக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் அப்போது கடைசி ஐம்பது பக்கத்தில் இருந்தார்.

ஒட்டும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "மேல போகும்" என்பதை "வெடித்துவிடும் அபாயம் உள்ளது" என்று மாற்றினால் அண்ணன் சொன்னது போய், ஏதோ எச்சரிக்கைப் பலகை வந்துவிடும். எழுத்து பதினாறு பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஜெராக்ஸுக்கு நிற்கிறவர்தான் முதல் வாசகர். தாளின் கீழ்ப்பாதியைக் காலியாக விட்டு, நூலில் ஒரு பேனா தொங்கவிடுங்கள். பேனா இரண்டு முறை காணாமல் போனது. மூன்றாவது பேனாவில் அக்கா எழுதியிருந்தார்: "இப்போது 131. சிப்பி எடுப்பவருக்குப் பெயர் வந்துவிட்டது."