குட்டி வரும் வீட்டில் பெரிய நாய்க்கு என்ன செய்ய வேண்டும்

குட்டிக்கு எங்கே படுக்கை, என்ன சாப்பாடு என்று எல்லோரும் முன்கூட்டியே யோசித்துவிடுகிறார்கள். ஒன்பது பத்து வருடமாக அந்த வீட்டில் இருக்கும் நாய், குட்டி தொல்லை கொடுத்தால் எங்கே போய் ஒதுங்கும் என்று யோசிப்பவர் குறைவு. இரண்டும் கூடிக் குலாவ வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பெரிய நாய் நினைத்த நேரத்தில் எழுந்து போக வழி இருந்தால், மீதியை அவை பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்ளும்.

குட்டி வர இரண்டு வாரம் இருக்கும்போதே பெரியதை டாக்டரிடம் காட்டுங்கள். இடுப்பு, முழங்கால், பல், காது, கண் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலி உள்ள நாய் மேல் குட்டி பாய்ந்தால் அது கடிக்க வருவது பொறாமையால் அல்ல, வலியால். வருட ஊசி பாக்கியிருந்தால் போட்டுவிடுங்கள். பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் அப்படியே.

விற்பவர்கள் 45 நாள் குட்டியைத் தூக்கிக் கொடுப்பார்கள். 56 நாள் வரை பொறுங்கள். கடித்தால் எதிரில் இருப்பதற்கு வலிக்கும், உறுமினால் விலக வேண்டும் என்ற பாடங்களைக் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான் படிக்கிறது. அதைப் படிக்காமல் வரும் குட்டிக்கு உங்கள் கிழநாய் வாத்தியாராக வேண்டியிருக்கும்.

முதல் சந்திப்பை வாசல் கேட்டில் வைக்காதீர்கள். அது பெரியதன் காவல் எல்லை. ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் நாய்கள் என்றால் இதில் இன்னும் கவனம் தேவை. தெருவும் சரிப்படாது: குட்டிக்குத் தடுப்பூசிச் சுற்று 16 வாரம் வரை போகும், குட்டிகளுக்கு வாந்திபேதி கொண்டுவரும் பார்வோ கிருமியோ மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய் ஏறாத மொட்டை மாடி நல்ல இடம். முந்தின நாளே குட்டி படுத்த துணி ஒன்றை வாங்கி வந்து பெரியதன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுவைத்தால், வாசனையாவது பழகியிருக்கும்.

இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு ஒரு நாய். செயின் தளர்ந்து தொங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் உங்கள் பதற்றம் கழுத்து வழியாக நாய்க்குப் போய்விடும். பெரியதைக் குட்டியின் பின்பக்கத்தை முகர விடுங்கள். மனதுக்குள் மூன்று எண்ணி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, புளியங்கொட்டை அளவு வேகவைத்த கோழித்துண்டு கொடுங்கள். உப்பு, வெங்காயம், எலும்பு எதுவும் வேண்டாம். மறுபடி முகரட்டும், மறுபடி கூப்பிடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். முதல் வாரம் இப்படி நாளுக்கு நான்கைந்து தடவை, குட்டி தின்று விளையாடிக் களைத்த நேரமாகப் பார்த்து.

இனி உறுமல். இதில்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். பெரியது உறுமினால் "சீ, சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்குத் திட்டு வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும். உறுமலுக்கு முன்பே சில சாடைகள் தெரியும்: உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை ஓரம் தெரியும், வாய் மூடி உடம்பு விறைக்கும். அங்கேயே குட்டியை எடுத்துவிடுங்கள். பெரியதைத் தள்ளிவிடக் கூடாது; விலக வேண்டியது குட்டி. அதற்காகவே வீட்டுக்குள் குட்டியின் கழுத்தில் நாலடி நூல்கயிறு கட்டி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்வரை இழுத்துக்கொண்டு திரிய விடலாம்.

இன்னொரு தவறு பாசத்தில் நடப்பது. குட்டி தூங்கும்போது பெரியதைக் கொஞ்சுவார்கள், குட்டி எழுந்ததும் அதை மறந்துவிடுவார்கள். நாயின் கணக்கில் குட்டி வந்தால் நஷ்டம் என்றாகிவிடுகிறது. தலைகீழாக மாற்றுங்கள்: குட்டி அறைக்குள் வந்தால் கோழித்துண்டு, போனால் நிறுத்தம்.

டைல்ஸ் தரையையும் கவனியுங்கள். குட்டி மோதும்போது கிழநாயின் பின்னங்கால் இரண்டு பக்கமும் விரிந்து வழுக்கும். ஒரு தடவை அப்படி விழுந்த நாய் குட்டியைக் கண்டாலே விறைத்துக்கொள்ளும். அது நடக்கும் வழியிலும் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு முன்னாலும் ரப்பர் மேட் போடுங்கள். இரண்டடிப் பலகையை வைத்து அறைவாசலை மறிக்கும் யோசனை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மூட்டுவலி நாயால் அதைத் தாண்ட முடியாது. அடைக்க வேண்டியது குட்டியை. பெரியதற்கு வீடு திறந்தே இருக்கட்டும். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும் என்பதால் கம்பிக்கூண்டோ தடுப்போ அதற்குத் தண்டனை ஆகாது. காது மந்தமான நாய் தூங்கும்போது மட்டும் குட்டி கட்டாயம் அடைப்பில் இருக்க வேண்டும். திடுக்கிட்டு விழிக்கும் நாய் யார் என்று பார்க்காமல் கடிக்கும்.

சாப்பாடு தனித்தனி அறையில், கதவு சாத்தி. 15 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். குட்டித் தீவனத்தைப் பெரியது தின்ன விடாதீர்கள். அந்தக் கொழுப்பு வயிற்றைக் கெடுக்கும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதிலுள்ள புரதமும் பாஸ்பரஸும் கெடுதல். பெரியதன் வழக்கமான வாக்கிங் நேரம் ஐந்து நிமிடம்கூடத் தள்ளிப்போக வேண்டாம். அதற்குக் குட்டி கூட வரவும் வேண்டாம்.

அதட்டலாகக் குரைப்பதும், பல் படாமல் வாயைக் காற்றில் அடிப்பதும் கண்டிப்பு; குட்டி கத்திவிட்டு ஓடினால் முடிந்தது. கவ்வி விடாமல் உலுக்கினாலோ, சத்தமில்லாமல் பதுங்கிப் பின்தொடர்ந்தாலோ அது வேறு விஷயம். அன்றே பிரித்து வைத்து டாக்டரிடம் பேசுங்கள். சண்டையில் கையை நுழைக்காதீர்கள், நடுவில் நாற்காலியையோ தடித்த பலகையையோ செருகுங்கள். ஒரு நாளுக்கு மேல் பெரியது சாப்பிடாமல் இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

சில வாரங்களில் பழகும் நாய்களும் உண்டு, மூன்று மாதம் எடுப்பவையும் உண்டு. பழகிவிட்டன என்று சீக்கிரம் தடுப்பைக் கழற்றிப் பரணில் போட்டுவிடாதீர்கள். சின்னக் குட்டி என்று பெரியது காட்டும் சலுகை, குட்டிக்கு நான்கைந்து மாத வயதாகும்போது குறையத் தொடங்கும். அதே சமயத்தில்தான் குட்டிக்கும் உடம்பு கனத்து முரட்டுத்தனம் ஏறும். ஒரு வயது வரை தடுப்பு அந்த இடத்திலேயே இருக்கட்டும்.