பட்டறையை மூடியாச்சு, வரி மட்டும் ஓடுது: சேலத்தில் சொத்துவரிப் பதிவைத் திருத்துவது எப்படி?

பென்ஷனை நம்பி வாழும் பெரியவர்கள் வீட்டு வரி பற்றிப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, ‘சீனியர் சிட்டிசனுக்கு எவ்வளவு தள்ளுபடி?’ என்பதுதான். டெல்லி மாநகராட்சியில் அப்படி ஒன்று உண்டு. நம் ஊரில் வயதைக் காட்டி வாங்கும் பொதுவான சொத்துவரித் தள்ளுபடி கிடையாது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

இங்கே இருப்பது இரண்டு வழி. ஒன்று, சீக்கிரம் கட்டி ஊக்கத்தொகை வாங்குவது. இன்னொன்று, உங்கள் வீட்டைப் பற்றி மாநகராட்சிக் கணக்கில் இருக்கும் தவறான பதிவைத் திருத்துவது. முதலாவதில் கிடைப்பது சில்லறை. நிஜமான பணம் இரண்டாவதில்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

கொண்டலாம்பட்டி பக்கம் என் அத்தை வீடு. மாமா இருந்தவரை முன் அறையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஓடியது. மாமா மில்லில் வேலை பார்த்த வகையில் அத்தைக்கு இப்போது பி.எஃப். குடும்ப பென்ஷன் வருகிறது. இந்த பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய். அத்தைக்கு வருவது அதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அவர் வரி விவரத்தை எடுத்துப் பார்த்தால், தரைத்தளத்துக்கு இரண்டு பதிவு. ஒன்று குடியிருப்பு. அடுத்தது ‘வணிகம்’. பட்டறை மூடிப் பல வருடம் ஆகிறது. அந்த அறையில் இப்போது இருப்பது ஒரு கட்டிலும் அரிசி டிரம்மும். “ஏன் கண்ணு, கட்டில் போட்டுப் படுக்கறதுக்கும் கடை வரியா?” என்றார் அத்தை.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், 2022 ஏப்ரலில் வரியை உயர்த்தியபோது சேலம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீடுகளுக்கு 25 சதவீதமும், 601 முதல் 1,200 வரை 50 சதவீதமும்தான் ஏற்றினார்கள். வணிகப் பயன்பாட்டுக்கு 100 சதவீதம். அதாவது அந்தக் கட்டில் அறைக்கு வரி இரட்டிப்பு. அதற்கு மேல் 2024-ல் 6 சதவீதம். இனி எப்போது ஏற்றினாலும் அந்தத் தவறான பதிவின் மேல்தான் ஏறும்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. வரி விவரத்தை எடுங்கள்

தமிழ்நாடு அரசின் ‘அர்பன் இ-பே’ தளத்துக்குப் போய் சொத்துவரியைத் தேர்ந்தெடுத்து வரிவிதிப்பு எண்ணைக் கொடுக்க வேண்டும். பழைய ரசீதில் இருக்கும் எண்ணும் இப்போதைய எண்ணும் வேறாக இருக்கலாம். பழையது ஏற்கவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் பில் கலெக்டரையோ வரி வசூல் மையத்தையோ கேட்டுப் புதிய எண்ணை வாங்கிவிடுங்கள்.

இதைச் செல்போனில் செய்யாதீர்கள். லேப்டாப் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பையனிடம் கேளுங்கள். சின்னத் திரையில் பயன்பாடு, பரப்பு, குடியிருப்பவர் என்ற விவரங்களெல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். நமக்கு வேண்டியதே அவைதான்.

2. நான்கு இடங்களைப் பாருங்கள்

பெயர் யாருடையது? பயன்பாடு குடியிருப்பா, வணிகமா? குடியிருப்பவர் உரிமையாளரா, வாடகைதாரரா? பரப்பு சரியா? பின்பக்க ஓட்டுச் சாய்ப்பை இடித்து வருடக்கணக்கானாலும் கணக்கில் அது நின்றுகொண்டிருக்கும். டேப் வைத்து அளந்து, ஒரு தாளில் வீட்டின் படத்தைக் கையால் வரைந்து அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். இன்ஜினியர் வரைபடம் எதுவும் ஆரம்பத்தில் தேவையில்லை.

3. மனு எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்

பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘கடை மூடிவிட்டோம், வீடாக மாற்றுங்கள்’ என்று மனு கொடுத்தால் வருவாய் ஆய்வாளர் பார்வையிட வருவார். அறையைப் பார்ப்பார், அப்புறம் கரண்ட் பில்லைக் கேட்பார். அந்த அறைக்கு இன்னும் வணிக மீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் பேச்சு எடுபடாது. “ஈ.பி.யில் கடைன்னுதானே இருக்கு?” என்ற ஒரே கேள்வியில் மனு மடங்கிவிடும்.

ஆகவே முதலில் மின்வாரியம், பிறகு மாநகராட்சி. பில்லில் கட்டணப் பிரிவு என்ற இடத்தைப் பாருங்கள்: 1ஏ என்றால் வீடு, 5 என்றால் வணிகம். வீட்டுக்கும் பட்டறைக்கும் ஒரே இணைப்பு, அது 5-ல் இருக்கிறது என்றால் கட்டணப் பிரிவு மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பட்டறைக்கு மட்டும் தனி இணைப்பு என்றால், என் கருத்தில் அதை மாற்றுவதைவிட நிரந்தரமாகத் துண்டித்துவிடுவதே மேல். கட்டிய டெபாசிட் திரும்ப வரும். வணிக இணைப்புக்கு யூனிட் ஓடாவிட்டாலும் நிலைக்கட்டணம் உண்டு, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகையும் கிடையாது. ஆக சொத்துவரி குறைவதற்கு முன்பே கரண்ட் பில்லில் மிச்சம் தெரியும்.

மாற்றிய பிறகு வரும் முதல் பில்லை, அல்லது துண்டித்ததற்கான தாளை, பத்திரமாக வையுங்கள். மனுவோடு இணைக்க வேண்டிய முக்கியச் சான்று அதுதான்.

வரி இறந்துபோன கணவர் பெயரில் இருந்தால் அதற்கும் முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. யார் பெயரில் இருந்தாலும் வரியை வாங்கிக்கொள்வார்கள். திருத்தம் கேட்கும்போதுதான் ‘நீங்கள் யார்?’ என்று வரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திர நகல் மூன்றையும் கொண்டு முதலில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

4. மனு

ஆணையர் பெயருக்கு எழுதி, உங்கள் மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். சேலத்தில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள். ஒரு பக்கம் போதும். வயது, வியாதி, பென்ஷன் கஷ்டம் எல்லாம் முதல் பத்தியில் வேண்டாம். பதிவில் என்ன இருக்கிறது, உண்மையில் என்ன இருக்கிறது, அதற்குச் சான்று என்ன என்பது மட்டும் இருக்கட்டும். தயவு கேட்பதாக எழுதினால் மனுவும் இரக்கத்துக்குக் காத்திருக்கும். இது பிழைத் திருத்தம், உரிமையோடு கேட்கலாம்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு மாதிரிதான். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், முத்திரை விழுந்த நகலை இணைத்து மறுபடி கொடுக்கலாம். அத்தை வீட்டுக்குப் பார்வையிட வந்தவர் சுவரில் ஆணி அடித்த தடங்களைப் பார்த்து “பட்டறை மேடை எங்கே இருந்தது?” என்று கேட்டார். அத்தை டிரம்மைத் தள்ளிக் காட்டினார். அவர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அடுத்த பில்லில் ‘வணிகம்’ இல்லை.

5. மனு நிலுவையில் இருந்தாலும் வரியைக் கட்டுங்கள்

திருத்திய பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைக்காதீர்கள். தாமதமானால் மாதம் ஒரு சதவீத வட்டி சேரும். மாறாக, அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு வரி 1,500 என்றால் 75 ரூபாய் மிச்சம். பெரிய தொகை இல்லைதான், விடுவானேன்?

கட்டுவதற்கு நான் சொல்வது அந்தத் தளத்திலேயே யு.பி.ஐ. ரசீது அங்கேயே கிடைக்கும், இறக்கி வைத்துக்கொள்ளலாம். காகிதம் கையில் இருந்தால்தான் நிம்மதி என்று நினைக்கும் பெரியவர்களுக்கு வரி வசூல் மையமே நல்லது. அந்தப் பழக்கத்தை மாற்ற முயலாதீர்கள். பணம் போய் ரசீது வரவில்லை என்றால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். அடுத்த நாள் நிலுவையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒருவர், அவர் வீட்டு எண்ணை இந்தத் தளம் ஏற்கவில்லை என்றார். ஊராட்சிப் பகுதி வீடுகள் இதில் வராது. அவர்கள் கட்டுவது கிராம ஊராட்சியின் வீட்டு வரி, அதற்கு ஊரக வளர்ச்சித் துறையின் தனித் தளம் இருக்கிறது. மனுவும் மாநகராட்சிக்கு அல்ல, ஊராட்சிச் செயலருக்கு. மாநகர எல்லையை ஒட்டி இருப்பவர்கள் ரசீதின் தலைப்பில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இன்னொருவர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு நிபந்தனைகளோடு வீட்டு வரிச் சலுகை இருக்கிறது. அதற்கு மண்டல அலுவலகத்தில் நிற்க வேண்டாம். வரி ரசீதையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள்.