வெஸ்ட்கனெக்ஸ் பக்கத்தில் வீடா? காற்றைக் கொஞ்சம் கவனியுங்கள்

சிட்னியில் ஹோம்புஷ், ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கம் வீடு தேடுகிற நம்மவர்கள் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்பார்கள், பெரிய ரோடு எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்பதில்லை. 2019இல் வெஸ்ட்கனெக்ஸ் என்ற டோல் சாலைத் திட்டத்தின் ஹோம்புஷ் - ஹாபர்ஃபீல்ட் சுரங்கச் சாலை திறந்ததிலிருந்து பயமெல்லாம் சுரங்கத்துப் புகையை வெளியே விடும் புகைபோக்கிகள் மேல்தான். பயம் நியாயம்தான். மாட்ரிட்டில் இப்படிப்பட்ட சுரங்கங்களுக்கு வடிகட்டி போட்டிருக்கிறார்கள், இங்கே போடவில்லை. ஆனால் புகைபோக்கி காற்றை உயரத்துக்குத் தள்ளிக் கலைத்துவிடுகிறது, உங்கள் மூக்குக்கு நேரே புகை விடுவது தரையில் ஓடும் வண்டிகள், அதிலும் டோலுக்குப் பயந்து பரமட்டா ரோட்டிலேயே ஊர்ந்து போகிறவை.

அதனால் முதலில் வீட்டுக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முதல் நூறு, நூற்றைம்பது மீட்டரில்தான் புகை அடர்த்தி, அதைத் தாண்டினால் மளமளவென்று குறையும். ஒரு தெரு உள்ளே தள்ளி வீடு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

அப்புறம் எண்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு மணிக்கு மணி காற்றின் தரத்தை இணையத்தில் போடுகிறது. பச்சை நிறம் தெரிந்ததும் மூடிவிடாமல் பிஎம் 2.5 என்ற மிக நுண்ணிய தூசி, வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு இரண்டையும் பாருங்கள். பிஎம் 2.5இன் ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2025 முதல் ஆஸ்திரேலியக் கணக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னதோ 5. ஆனால் ஒன்று, அளவுமானி உங்கள் தெருவில் இல்லை, ரோட்டோர வீட்டில் அளவு அதைவிடக் கூடத்தான் இருக்கும்.

காற்றே அசையாத குளிர்காலக் காலைகளில் புகை தரையோடு தங்கிவிடும். ஆபீஸ் நேரத்தில் ரோட்டுப் பக்க ஜன்னலைச் சாத்தி, பின்பக்க ஜன்னலைத் திறந்துவையுங்கள், குழந்தைகள் படுக்கையறையையும் பின்பக்கம் மாற்றுங்கள். ஹெபா வடிகட்டி வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, அதற்குக் கரி வடிகட்டியும் கனமாக இருக்க வேண்டும். (தாளிக்கும்போது அடுப்புக்கு மேலுள்ள விசிறியைப் போடாமல் ரோட்டை மட்டும் திட்டுவது சரியில்லை, அந்தப் புகையும் பிஎம் 2.5தான்.)

காரில் சுரங்கத்துக்குள் நுழையுமுன் ஜன்னலை ஏற்றி, ஏசியை உள்காற்றே சுழலும்படி வையுங்கள். வெளியே வந்ததும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் சொக்கும். நடைப்பயிற்சிக்கும் சைக்கிளுக்கும் உள்தெருதான்.

வீட்டில் ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் ஆஸ்துமா ஆக்‌ஷன் பிளான் எழுதி வாங்குங்கள், எப்போது எந்த இன்ஹேலர், எப்போது ஆம்புலன்ஸ் என்று அதில் இருக்கும். மூச்சு நன்றாக இருக்கிறதென்று தினசரித் தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கட்டுமானத் தூசியோ நாற்றமோ வந்தால் சுற்றுச்சூழல் ஆணையத்தின் 131 555 எண்ணுக்குச் சொல்லுங்கள். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, என்ன வாடை, ஒரு படம், இவ்வளவும் கையில் இருக்கட்டும், முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரையும் தனியாக ஒரு புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.