‘எங்க வீட்லயும் செக்கு எண்ணெய்தாங்க’: சந்தையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு சிறுதானிய மாவு விற்கப் போகிறாராம். லேப்டாப்பைத் திறந்து கலர் கலராக ஒரு வட்டத்தைக் காட்டினார். 180 பேரிடம் கேட்டதில் 87 சதவீதம் பேர் ‘வாங்குவேன்’ என்றார்களாம். ‘கடைக்கு அட்வான்ஸ் குடுத்துடலாமாண்ணா?’ என்று கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2017-இல் நானும் இப்படி ஒரு கணக்கை நம்பித்தான் கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை போட்டேன். என்னிடம் லேப்டாப் இல்லை, 80 பக்க நோட்டு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொருள் தரமாக இருக்க வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். படித்தவர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், நாலு பேரிடம் விசாரித்துவிட்டு இறங்குகிறவர்கள் விழுகிற குழிகளைப் பற்றி மட்டும் பேசலாம்.

## ‘ஒரு சதவீதம் வந்தாலே போதும்’

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. அதில் ஒரு சதவீதம் என்றால் 7 லட்சம் பேர், ஆளுக்கு மாதம் நூறு ரூபாய் என்றால் 7 கோடி. இந்தக் கணக்கைப் போடாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த 7 லட்சம் பேரில் முதல் ஐம்பது பேர் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது. தவிர, 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருடம் நடக்கவே இல்லை. 2011-இல் இருந்த சரவணம்பட்டியும் இன்றைய சரவணம்பட்டியும் ஒரே ஊர் என்று சொன்னால் அங்கே இருப்பவர்களே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

புள்ளிவிவரம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் செலவுக் கணக்கைப் பாருங்கள். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக 7,630 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 30,500 சொச்சம். அரிசி, பால், பெட்ரோல், மருந்து, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் பொருளுக்கான காசு இதில் எந்தச் செலவைக் குறைத்து வரப்போகிறது என்று ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள், 7 கோடி தானாக இறங்கி வரும்.

## சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் ஃபார்ம் போடுவது

வேண்டாம். சித்தப்பா ‘சூப்பர்டா’ என்றுதான் போடுவார்.

## பாராட்டியவர்களை வாங்கப் போகிறவர்கள் என்று எண்ணியது

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

2017 ஜனவரியில்தான் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்திருந்தது. நாட்டு மாடு, நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய் என்று டீக்கடையில்கூட இதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அபார்ட்மென்ட் அபார்ட்மென்ட்டாக ஏறி இறங்கினேன். மொத்தம் 140 வீடு. மூன்றே கேள்வி: செக்கு எண்ணெய் நல்லது என்று நினைக்கிறீர்களா, சமையலுக்குப் பயன்படுத்துவீர்களா, பக்கத்திலேயே கடை வந்தால் வாங்குவீர்களா. ஆமாம் என்றவர்களுக்கு ஒரு டிக். ‘எங்க வீட்ல செக்கு எண்ணெய்தாங்க, பாக்கெட் எண்ணெயத் தொடறதே இல்ல’ என்று சொன்னவர்களுக்குச் சிவப்பு மையில் இரண்டு டிக். இரண்டு டிக் வாங்கிய வீடுகள் 46. வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் என்றால் 138 லிட்டர். வாடகை, கரண்ட், ஒரு ஆள் சம்பளம் எல்லாம் அதிலேயே தேறிவிடும். மற்றவர்கள் வருவதெல்லாம் லாபம்.

10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தேன். செக்கு வாங்கி, மோட்டார் மாட்டி, ஐயரைக் கூப்பிட்டு கணபதி ஹோமமும் செய்தாயிற்று. முதல் இரண்டு மாதம் தெரிந்தவர்கள் வந்தார்கள். மூன்றாவது மாதம் விற்றது 40 லிட்டர். இரண்டு டிக் வீட்டுக்காரர்கள் வராமல் இல்லை. வந்தார்கள், உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார்கள், ‘நல்ல மணமுங்க, ஒரிஜினல்’ என்றார்கள், அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விலைதான் காரணம் என்று 230-லிருந்து 215-க்கு இறக்கினேன். பாட்டில் சரியில்லையோ என்று பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணாடிக்கு மாறினேன். பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்து வீடு வீடாகப் போட்டேன். எட்டு மாதம் இப்படியே ஓடியது. நான் மாற்றியதெல்லாம் கடையைத்தான். நோட்டில் இருந்த 46 பேர் மீது எனக்குத் துளி சந்தேகம்கூட வரவில்லை.

ஒரு நாள் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக்கு நல்லெண்ணெய் கொண்டுபோனேன். அந்த அக்கா கை மாவாக இருந்ததால், ‘அப்படியே கீழ் ஷெல்ஃப்ல வச்சிருங்க தம்பி’ என்றார். கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு வெள்ளை 5 லிட்டர் கேன். பஸ்ஸில் வரும்போது கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் பாலிதீன் கவரை மடித்துக் கொடுத்து, மேலே சணல் கயிறு சுற்றியிருந்தது. ஒன்றின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் ‘கடலை’, இன்னொன்றில் ‘தேங்கா’. எங்கே வாங்கினது என்று கேட்டேன்.

‘வாங்கறதாங்க? மாமனாரு ஆட்டி வச்சிருவாரு. காங்கேயம் பக்கம் தோட்டம். பொங்கலுக்கும் ஆடி நோம்பிக்கும் போறப்ப எடுத்துட்டு வந்துருவோம். எள்ளு மட்டும் அங்க போடறதில்ல.’

அன்று ராத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். 46 வீட்டில் 31 வீட்டுக்கு ஊரிலிருந்து எண்ணெய் வருகிறது. பொள்ளாச்சி, தாராபுரம், அவிநாசி என்று ஆளுக்கொரு ஊர். ஒருத்தரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. செக்கு எண்ணெய் நல்லது என்றது உண்மை, அதைத்தான் பயன்படுத்துகிறோம் என்றதும் உண்மை. எங்கிருந்து வருகிறது என்று நான்தான் கேட்கவில்லை. செக்கு எண்ணெயின் அருமையை இவ்வளவு தெரிந்து வைத்திருந்த வீட்டுக்குச் செக்கு எங்கே ஓடுகிறது என்றும் தெரிந்திருக்காதா? இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறப் பதினொரு மாதம் ஆனது.

சரி, என்ன கேட்டிருக்க வேண்டும்? இப்போது அடுப்படியில் இருக்கிற எண்ணெய் எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, யார் வாங்கியது, எவ்வளவு கொடுத்தீர்கள், தீர்ந்தால் அடுத்தது எங்கே என்று, நடந்து முடிந்ததை மட்டும் கேட்டிருக்க வேண்டும். ‘வாங்குவீங்களா’ என்று எதிர்காலத்தில் கேட்டால் எல்லோரும் நல்லவர்கள் ஆகிவிடுவார்கள். அதிலும் நீங்கள் கடை போடப் போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால், வாசலில் வந்து நிற்கிற பையனிடம் நம்மூரில் யார் ‘வேண்டாம்’ என்று சொல்வார்கள்? ‘கண்டிப்பா வாங்கறோம்’, ‘பார்க்கலாம்’, ‘வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்’ எல்லாமே அநேகமாக ஒரே பதில்தான். அதனால் கடைப் பேச்சைக் கடைசி வரை எடுக்காதீர்கள். முடிந்தால் அந்தப் பொருள் இருக்கிற அலமாரியைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் பேசி முடித்த பிறகு காசு கேளுங்கள். அடுத்த மாத எண்ணெய்க்கு 200 ரூபாய் முன்பணம், ரசீது தருகிறேன், பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று அந்த 46 வீட்டிலும் கேட்டிருந்தால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு விஷயம் புரிந்திருக்கும். கூச்சமாக இருந்தது, கேட்கவில்லை. கடையை வாடகைக்கு விட்டவருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போனதோ.

## சாப்பிடுவது ஒருவர், முடிவெடுப்பது இன்னொருவர்

சிறுதானியத் தம்பி கேட்ட 180 பேரில் முக்கால்வாசி அவரோடு வேலை பார்த்த பையன்கள். அவர்கள் தங்கியிருப்பது ஹாஸ்டலில், அங்கே என்ன மாவு வாங்குவது என்பது சமையல்காரர் கையில். கல்யாணமானவர்களைக் கேட்டிருந்தாலும் இதே கதைதான். ஆரோக்கியம் பேசுகிறவர் கணவர், மளிகை லிஸ்ட் எழுதுகிறவர் மனைவி, ‘ராகி தோசையா? எனக்கு வேண்டாம்’ என்று தட்டைத் தள்ளுவது குழந்தை. இந்த மூன்று பேரில் யாரிடம் கேட்டீர்கள் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.

## போட்டியாளர் பட்டியலில் ரேஷன் கடையை விட்டது

சுற்று வட்டாரத்துச் செக்குக் கடைகளின் விலையை எல்லாம் எழுதி வைத்திருந்தேன். என் கடைக்குப் பின்னாலேயே லைன் வீடுகள். அங்கே எனக்குப் போட்டி ரேஷன் பாமாயில், கார்டுக்கு ஒரு லிட்டர் 25 ரூபாய். ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும், தலைகீழாக நின்றாலும் அந்த விலைக்குப் பக்கத்தில்கூட நான் போக முடியாது. அந்த வீடுகளில் வடை சுடுவது பாமாயிலில்தான். ஆனால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு 100 மில்லி நல்லெண்ணெய் வாங்குவார்கள். நான் வைத்திருந்த சின்ன பாட்டிலே அரை லிட்டர்.

1983-இல் சி.கே.ரங்கநாதன் கடலூரில் 15,000 ரூபாயில் தொடங்கிய சிக் ஷாம்பு பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாஷே என்கிற அந்தச் சின்ன பாக்கெட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். கிராமத்துப் பையன்களை ஊர் நடுவில் உட்கார வைத்துத் தலைக்குக் குளிப்பாட்டிக் காட்டினார்களே, எனக்கு அதுதான் பாடம். பெரிய கம்பெனிகளின் ஷாம்பு பாட்டிலோடு மோதவில்லை, அந்த வீடுகளில் இருந்த சீயக்காயோடும் சோப்போடும் மோதினார்கள்.

## சம்பள நாள் தெரியாமல் அளவை முடிவு செய்வது

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். அங்கே போய் மாதாந்திரப் பேக் விற்காதீர்கள்.

## கண்காட்சி விற்பனையை நம்புவது

கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் ஒரு கண்காட்சியில் ஸ்டால் போட்டு மூன்று நாளில் 90 லிட்டர் விற்றேன். வாங்கியவர்களில் கடைக்கு மறுபடி வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் மூடி கசிந்து கார் சீட் பாழாகிவிட்டது என்று சண்டை போட வந்தவர்.

## வந்தவர்களிடம் மட்டும் கேட்பது

வராதவர்களைக் கேளுங்கள்.

## வாசலில் வந்து நின்ற சந்தையைத் திருப்பி அனுப்பியது

கடை போட்ட நான்காவது மாதம், இரண்டு டிக் வீட்டுக்காரர் ஒருவர் டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டியில் ஒரு மூட்டை கொப்பரையோடு வந்தார். ‘கூலிக்கு ஆட்டித் தருவீங்களா?’ என்றார். கண்ணாடிக் கதவு, லேபிள், பிராண்ட் என்று நான் இருந்த மிதப்பில், ‘இல்லீங்க, நாங்க எண்ணெய் விக்கற கடைங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடி இன்னொருவர் கடலையோடு வந்தார். அவருக்கும் அதே பதில்.

செக்கை இப்போது கோவில்பாளையம் பக்கம் கொண்டுபோய்விட்டேன். தோட்டம் வைத்திருப்பவர்கள், வீட்டில் நாலு தென்னை வைத்திருப்பவர்கள் கொப்பரையும் கடலையும் கொண்டுவருகிறார்கள். கூலி கிலோ கணக்கு. புண்ணாக்கு மாட்டுக்கு என்று அவர்களே எடுத்துப் போகிறார்கள், வேண்டாம் என்பவர்களிடம் நான் வாங்கி விற்கிறேன். எண்ணெய் பாட்டிலும் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் 100 மில்லி நல்லெண்ணெய்.

அந்தக் கொப்பரை மூட்டையை நான் திருப்பி அனுப்பியது நான்காவது மாதம். ‘கூலிக்கு ஆட்டித் தரப்படும்’ என்று போர்டு எழுதி மாட்டியது பதினான்காவது மாதம். நடுவில் 10 மாத வாடகை.