மறதி நோய் கண்ட கணவரை, மனைவியை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி?

மறதி தென்பட்டவுடனே டிமென்ஷியா என்னும் மறதி நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, கீழே விழுந்ததில் மூளையின் மேல் கசிந்த இரத்தம், சில தூக்க மாத்திரைகள், அலர்ஜி மாத்திரைகள் ஆகியவையும் அதே தோற்றத்தைத் தரக்கூடும். இவற்றில் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். எனவே நரம்பியல் மருத்துவரிடமோ முதியோர் நல மருத்துவரிடமோ காட்டி, இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையையும் அணுகலாம்.

நோய் உறுதியானால், அவருக்குப் புரிந்து கையெழுத்திடும் நிலை இருக்கும்போதே பணம், சொத்து சம்பந்தப்பட்ட வேலைகளை முடித்துவிடுவது நல்லது. பவர் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோமே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரம் முடிந்துபோகும், அதன்பின் பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கை இருவரில் எவரும் இயக்கும்படி மாற்றுவது, நாமினி பதிவு, உயில் ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றிதழை இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம் என்பதால், அதற்காக அவரை அலைக்கழிக்க வேண்டியதில்லை.

இனி அன்றாடப் பராமரிப்பு. மறதி நோயில் மிகப் பரவலான வகையான அல்சைமரில் முதலில் பழுதாவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் பகுதி. உணர்ச்சிகளும், கைக்குப் பழகிய வேலைகளும் வெகுநாள் தங்கியிருக்கும். காலையில் போட்ட வாக்குவாதம் பத்து நிமிடத்தில் மறந்துபோகலாம், அதனால் வந்த பயமும் மனக்கசப்பும் பகல் முழுவதும் அவரை விடாது. ஆகவே அவருடைய நினைவைத் திருத்துவதில் உங்கள் சக்தியைச் செலவிடாதீர்கள். “சொன்னேனே, ஞாபகமில்லையா?” என்ற கேள்வியை வீட்டில் யாருமே கேட்காமல் இருப்பது பெரிய உதவி.

தம்பதியருக்குள் மிகக் கடினமாக இருப்பது குளியல்தான் என்பது என் அனுபவம். நாற்பது ஆண்டுகள் கூட வாழ்ந்தவரேயானாலும், சில நேரங்களில் நீங்கள் அவர் கண்ணுக்கு முன்பின் தெரியாத ஆளாகத் தெரிவீர்கள். அந்நியர் ஒருவர் புடவையில் கை வைத்தால் எந்தப் பெண்ணும் கத்தத்தான் செய்வாள். “குளிக்கிறாயா?” என்று கேட்டால் “அப்பவே குளிச்சாச்சு” என்ற பதில்தான் வரும். அவர் எந்த நேரத்தில் குளித்துப் பழகினாரோ அதே நேரத்தில், வெந்நீரை விளாவி வைத்துவிட்டு, “தண்ணி ஆறுது, வா” என்று மட்டும் சொல்லுங்கள். ஆடையை ஒரேயடியாகக் களையாமல் தோளில் துண்டைப் போர்த்தி, கால் வழுக்காத நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்திலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். எடுத்த எடுப்பில் தலையில் தண்ணீர் ஊற்றினால் மிரண்டுவிடுவார். சோப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, மஞ்சள் கிழங்கைக் கொடுத்ததும் தானாகக் கல்லில் உரசி முகத்தில் பூசிக்கொண்டாள். அப்படிக் கை அறிந்த பொருள் எதுவென்று கண்டுபிடியுங்கள். அவர் அடியோடு மறுக்கும் நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், குளியல் நாளைக்கு நடக்கட்டும். குளியலறை உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள்.

மாலை மங்கும்போது பலருக்குப் பதற்றம் கூடும். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். சீரியலில் யாரோ கத்துவது தம் வீட்டுக்குள்ளேயே நடக்கும் சண்டையாக அவருக்குத் தோன்றலாம் என்பதால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவது நல்லது. “ஏங்க, நம்ம வீட்டுக்குப் போலாமா?” என்று கேட்கும் மனைவியிடம் “இதுதானே நம்ம வீடு” என்று நிரூபிப்பதில் பயனில்லை, அவர் தேடுவது பெரும்பாலும் பிறந்த வீட்டையோ மன நிம்மதியையோதான். அந்த வீட்டுக் கிணற்றைப் பற்றி, மாட்டைப் பற்றிக் கேளுங்கள், அல்லது தெருக்கோடிவரை கைபிடித்து நடந்து திரும்புங்கள். பணத்தைத் திருடிவிட்டதாக உங்களையே குற்றம் சாட்டினால் மறுத்துப் பேசாமல் கூடவே தேடுங்கள். வாசற்கதவுக்குப் பார்வை படாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், அவர் கையில் உங்கள் கைபேசி எண் எழுதிய பட்டையும் அவசியம். ஆனால் அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போகவே கூடாது.

வெள்ளைத் தட்டில் வைத்த இட்லி சிலருக்குக் கண்ணில் படாது. நிறத் தட்டிலோ வாழையிலையிலோ வைத்துப் பாருங்கள். நிமிர்ந்து உட்காரவைத்தே ஊட்டுங்கள். சாப்பிடும்போது இருமலோ புரையேறுவதோ அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓரிரு நாளுக்குள் குழப்பம் திடீரென முற்றினால் அதை நோயின் வளர்ச்சி என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுதல், சோடியம் குறைவு ஆகியவை காரணமாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைச் சற்றுக் குறைக்கும், நோயைத் தீர்ப்பதில்லை. ஆவேசத்தை அடக்கத் தரப்படும் மனநோய் மருந்துகள் முதிய மறதி நோயாளிகளுக்குப் பக்கவாத, மரண அபாயத்தைக் கூட்டுபவை. அவை எவ்வளவு நாளைக்கு, எந்த அளவில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடராதீர்கள்.

இரவில் அவர் விழித்திருந்தால் நீங்களும் விழித்திருப்பீர்கள், பராமரிப்பவர் ஓய்ந்துபோவது பெரும்பாலும் இந்தத் தூக்கக் கேட்டால்தான். “நாங்க சமாளிச்சுக்கிறோம்” என்று பிள்ளைகளிடம் சொல்வதை விட்டுவிட்டு, வாரத்தில் இன்ன இரவு நீ வந்து பார்த்துக்கொள் என்று குறிப்பாகக் கேளுங்கள். பிள்ளைகள் தொலைவில் இருந்தால் ஓர் உதவியாளரின் இரவுச் சம்பளத்தையாவது அவர்கள் ஏற்கட்டும். முதியோர் உதவி எண் 14567; மனம் தளரும் நேரத்தில் அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.